ஆக்சிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர் விசிலடிக்குது!

கேள்வி: என்கிட்ட இருக்கறது பழைய டீசல் கார். போன மாசம் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு சத்தத்தை கூட்டிக் குடுக்கற பெட்டி), சப் ஊஃபர் மாட்டினேன். அதுல இருந்து இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கர்ல ‘ங்ஙொய்’னு ஒரு சத்தம், தொப்பூர் கணவாய்ல கியர் இறக்கி ஏத்தும்போது இன்னும் கீச்சுனு ஏறுது. வால்யூமை சுத்தமா குறைச்சாலும் நிக்கல. கடைல இரைச்சலை தடுக்கற ஃபில்டர் போடணும்ங்கறாங்க. போடலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: இப்பவே போடாதீங்க. ஆர்பிஎம் (இன்ஜின் சுத்தற வேகம்) கூடவே சத்தமும் ஏறுதுன்னா அது ஆல்டர்னேட்டர் விசில், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டரோட இரைச்சல். டீசல் வண்டில ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அதனால பிளக் மேல பழி போட முடியாது (பெட்ரோல் வண்டின்னா டிக் டிக்னு வெட்டி வெட்டி கேக்கும்). வால்யூம் குறைச்சும் போகலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியமான துப்பு, ஸ்டீரியோவோட வால்யூமை தாண்டி அதுக்கப்புறம் எங்கயோதான் இரைச்சல் உள்ள நுழையுது.

முதல்ல சிகரெட் லைட்டர்ல சொருகின மொபைல் சார்ஜரை பிடுங்கிட்டு கேளுங்க. சிரிக்காதீங்க, நானே ஒரு ஞாயித்துக்கிழமை பூரா சீட்டை கழட்டி வயரெல்லாம் நோண்டிட்டு கடைசில பார்த்தா அந்த சார்ஜர்தான். அப்பவும் சத்தம் இருந்தா, ஆம்பை ஆஃப் பண்ணிட்டு ஆர்சிஏ வயரை (ஸ்டீரியோல இருந்து ஆம்புக்கு பாட்டை கொண்டு வர்ற வயர்) ஆம்ப் பக்கம் கழட்டுங்க, ஆன்ல இருக்கும்போது கழட்டினா ‘டொப்’னு அடிச்சு ஸ்பீக்கர் போனாலும் போயிடும். திரும்ப ஆன் பண்ணா அமைதியா இருக்கா? அப்போ சத்தம் அந்த வயர் வழியா வருது, பேட்டரி வயரோட சேர்த்து ஒரே பக்கமா இழுத்திருப்பாங்க, எதிர்ப்பக்கமா மாத்தி இழுக்க சொல்லுங்க. கழட்டியும் கத்துதுன்னா ஆம்போட எர்த்தை (வண்டி பாடியோட சேர்ற நெகட்டிவ் வயர்) பாருங்க. பெரும்பாலும் பெயின்ட் மேலயே போல்ட்டை முறுக்கி விட்டிருப்பாங்க. உப்புத்தாள் வச்சு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் சுரண்டி, ஒன்றரை அடிக்குள்ள, பவர் வயர் அளவுக்கே தடிமனான வயரா போட்டு இறுக்குங்க. ஆர்சிஏ வழியா வர்ற சத்தமும் பாதி நேரம் இதுலயே அடங்கிடும், ஏன்னா ஸ்டீரியோவுக்கு ஒரு எர்த், ஆம்புக்கு ஒரு எர்த்னு இருந்து ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சின்ன வோல்டேஜ் வித்தியாசம்தான் அந்த வயர்ல பாட்டு மாதிரி உள்ள வந்துடுது.

அதுக்கும் அடங்கலைன்னா இன்ஜின் ஓடும்போது பேட்டரில மீட்டர் வைங்க. மீட்டரை டிசில (நேர்திசை மின்சாரம்) வச்சா 13.8-ல இருந்து 14.4 வோல்ட் வரைக்கும் இருக்கணும், ஏசில (மாறுதிசை மின்சாரம்) வச்சு அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா ஆல்டர்னேட்டர் டயோடு (ஏசியை டிசியா மாத்தற பாகம்) சந்தேகம். மலிவு மீட்டர் சிலது ஏசில 30னு காட்டும், பயந்துடாதீங்க, டிசியையும் சேர்த்து தப்பா படிக்குது, மீட்டரோட ரெண்டு வயரையும் இடம் மாத்தி வச்சா பூஜ்யம் காட்டும். டயோடு போயிருந்தா ஃபில்டர் போட்டு அதை மூடி மறைக்காம ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட வண்டியை விடுங்க.