மகள் ரோபோ அணியில் சேரட்டுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் ரோபோட்டிக்ஸ் போட்டி அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறரை மணி வரை பள்ளியில் இருக்க வேண்டும். போட்டிக்காகச் சென்னைக்கும் செல்ல வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் அவளுடைய அப்பா தயங்குகிறார். இருட்டிய பிறகு பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று ஆச்சி கேட்கிறார். அணியில் குறிப்பேடு எழுதும் பொறுப்பைத்தான் அவளுக்குத் தந்திருக்கிறார்களாம். இதனால் அவளுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. ரோபோ போட்டியில் எவ்வளவு பெரிய கோப்பையை வென்றாலும் அந்தக் கணக்கில் அரை மதிப்பெண்கூட ஏறாது. ஆகவே, சான்றிதழுக்காகச் சேர்க்க நினைத்தால் சேர்க்க வேண்டாம்.

கிடைப்பது வேறு. ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகமான, அதாவது 5.6 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 17.6 செ.மீ. நகரும், 88 செ.மீ. தொலைவில் இருக்கும் பொருளைத் தொட அது ஐந்து முறை சுழல வேண்டும். வகுப்பில் வட்டத்தின் சுற்றளவாக மனப்பாடம் செய்த சூத்திரம் இங்கே பயன்பாட்டுக்கு வருகிறது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் வண்டி 85 செ.மீ.யிலேயே நின்றுவிடும். சக்கரம் வழுக்கியதா, பாட்டரியின் சார்ஜ் இறங்கியதா, பல்சக்கரங்களுக்கு இடையே தளர்வு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, மீண்டும் ஓட்டிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்புக் கோட்டைப் பின்பற்றிச் செல்லும் ரோபோ, பள்ளியின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, போட்டி அரங்கின் பெருவிளக்குகளுக்குக் கீழே தடம் மாறி அலைவது மிகச் சாதாரணமாக நடப்பது. வெள்ளைத் தரையும் கறுப்புக் கோடும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பதை அந்த இடத்திலேயே சென்சாரால் அளந்து, இரண்டுக்கும் நடுவிலான எண்ணைப் புரோகிராமில் புதிதாகக் கொடுத்தால்தான் அது வழிக்கு வரும். விடைத்தாளில் தவறான விடைக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு விழுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஏன் தவறியது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை நம் பாடமுறை அபூர்வமாகத்தான் தருகிறது. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் ராக்கெட் எஞ்சின்களைப் பறக்க விடுவதற்கு முன்னால் தரையிலேயே மீண்டும் மீண்டும் எரித்துச் சோதிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்தப் போட்டிகளின் விதிகளிலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன. டீன் கேமன் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பின் லெகோ லீக் போட்டியில் ரோபோ இரண்டரை நிமிடம் தானாகவே ஓட வேண்டும், ரிமோட் கிடையாது. அது மட்டுமல்லாமல், ஏன் இப்படி வடிவமைத்தீர்கள், வேலையை எப்படிப் பகிர்ந்துகொண்டீர்கள் என்று நடுவர்கள் பிள்ளைகளிடமே கேட்பார்கள். அந்தப் பதில்களுக்கும் மதிப்பீடு உண்டு. அதே அமைப்பின் டெக் சேலஞ்ச் போட்டியில் இரண்டு அணிகள் கூட்டுச் சேர்ந்து வேறு இரண்டு அணிகளை எதிர்கொள்ளும். இந்த ஆட்டத்தில் கூட்டாளியாக இருந்த அணி அடுத்த ஆட்டத்திலேயே எதிரணியாக வரலாம் என்பதால், ஒயர் இல்லாமல் தவிப்பவர்களுக்கு ஒயர் கொடுப்பது அங்கே இயல்பான பழக்கமாகிவிட்டது. 2004 முதல் நடந்துவரும் உலக ரோபோ ஒலிம்பியாடில், போட்டி நாளன்று காலையில்தான் எதிர்பாராத ஒரு விதியைச் சேர்த்து அறிவிப்பார்கள். வீட்டில் வேறு ஒருவர் செய்து கொடுத்த ரோபோவோடு வந்தவர்கள் அப்போது அகப்பட்டுக்கொள்வார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் குறிப்பேட்டு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எதைச் செய்து பார்த்தோம், எது பலிக்கவில்லை, எதனால் மாற்றினோம் என்று தேதிவாரியாகப் பதிவது பொறியாளரின் வேலையில் பாதி. நடுவர்களும் அதை விரும்பிப் படிக்கிறார்கள். அதை ஏளனமாக எண்ண வேண்டாம். ஆனால் பையன்கள் ஸ்க்ரூ டிரைவரையும் கணினியையும் வைத்துக்கொண்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக அவளை எழுத மட்டும் உட்கார வைத்திருந்தால் அவளுக்குக் கிடைப்பது நகல் எடுக்கும் பயிற்சிதான். பொறுப்புகளைச் சில வாரங்களுக்கு ஒரு முறை மாற்றிக் கொடுக்குமாறு ஆசிரியரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் ரோபோவையும் புரோகிராமையும் செய்து முடித்துவிட, பிள்ளைகள் போட்டி நாளில் பொத்தானை மட்டும் அழுத்தும் பள்ளிகளும் உண்டு. உங்கள் மகளிடம், “வண்டி திரும்பும்போது அதிகமாகத் திரும்பிவிட்டால் என்ன செய்வாய்?” என்று கேட்டுப் பாருங்கள். தானே செய்து பார்த்த பிள்ளையானால், நீங்கள் போதும் என்று சொல்லும் வரை பேசுவாள்.

கட்டணத்தைப் பற்றியும் விசாரியுங்கள். பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் தாங்களே கருவிகளைச் செய்து பார்க்கும் ஆய்வகம்) இருந்தால், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக மத்திய அரசு அதற்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. பிறகும் உதிரிப் பாகங்களுக்கென்று பெரிய தொகை கேட்டால் காரணம் கேட்பதில் தவறில்லை.

பத்தாம் வகுப்பைப் பற்றிய அவளுடைய அப்பாவின் கவலை நியாயமானது. அதற்காகத்தான் இந்த ஆண்டே சேரட்டும் என்கிறேன். ஒன்பதாம் வகுப்பைவிட இதற்கு ஏற்ற ஆண்டு கிடைக்காது. அடுத்த ஜூனில் விலகுவதா, வார இறுதியில் மட்டும் செல்வதா என்று அவளே முடிவெடுக்கலாம். இந்த அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தால் அப்போதே மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று மூவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஆறரை மணிக்குப் பள்ளி வேன் வருமா, வராவிட்டால் உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பும் மற்றப் பிள்ளைகள் யார், அவர்களோடு சேர்ந்து ஆட்டோ ஏற்பாடு செய்ய முடியுமா, சென்னைப் பயணத்தில் உடன் வரும் ஆசிரியைகள் எத்தனை பேர், எங்கே தங்க வைக்கிறார்கள் என்பதையெல்லாம் பள்ளியிடமிருந்து எழுத்தில் வாங்கி, ஆச்சியிடமே படித்துக் காட்டுங்கள். ஆசிரியை ஒருவரேனும் உடன் வரவில்லையென்றால், இந்த ஆண்டுச் சென்னைப் பயணத்தை மட்டும் மறுத்துவிட்டு, மாலைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.