செப்புக் கம்பியில் பவரை எங்கே செலவழிப்பது? கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளுக்கெல்லாம் பழைய ஏடிஎஸ்எல் பிராட்பேண்டை வைத்தே பதில் சொல்கிறேன். டெலிபோன் கம்பியில் 1.104 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தை 256 தொனிகளாக, அதாவது குறுகிய அதிர்வெண் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனியாக டேட்டா அனுப்பும் முறை அது.

பொறியியல் மாணவி: சார், உயர் அதிர்வெண்ணில் சிக்னல் தேய்கிறதே. அங்கே பவரைக் கூட்டினால் சரியாகாதா?

எனக்கும் படிக்கும்போது அப்படித்தான் தோன்றியது. செய்ய வேண்டியது நேர்மாறு. மூன்று தொனிகள், இரைச்சலைச் சேனலின் (சிக்னல் போகும் பாதையின்) வலுவால் வகுத்தால் 1, 2, 6 என்று வருகிறது. எண் சிறிதானால் தொனி நல்லது. கையில் 5 அலகு பவர். மேடு பள்ளமான தொட்டியில் தண்ணீர் விடுவதுபோல ஊற்றுங்கள்: மட்டம் 4-இல் நிற்கும். முதல் தொனிக்கு 3, அடுத்ததற்கு 2. மூன்றாவது மேடு நனையவே நனையாது. ஒரு தொனியின் பிட் கணக்கு log₂(1 + பவர் ÷ அந்த எண்). கிடைப்பது 2 + 1 = 3 பிட். சமமாகப் பங்கிட்டால் 2.64தான். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானன் 1949-லேயே இதைக் காட்டிவிட்டார். ஆனால் நிஜ மோடத்தில் தொனிக்குத் தொனி பவர் உச்சவரம்பு உண்டு. அங்கே பெரிய வேலை பிட்களைப் பங்கிடுவதுதான்.

இன்னொருவர்: எந்தத் தொனி நல்லது என்று அனுப்பும் பக்கத்துக்கு எப்படித் தெரியும்?

மோடம் ஆன் ஆனதும் லைட் சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அப்போது ஏற்கும் பக்கம் லைனை அளந்து, எந்தத் தொனியில் எத்தனை பிட் என்று பட்டியல் அனுப்பும். ஒரு தொனியில் 15 பிட் வரை ஏற்றலாம். ஒரு பிட் கூட்ட ஏறக்குறைய 3 டெசிபெல், அதாவது இரு மடங்கு பவர். மழையில் ஜாயின்ட் நனைந்து ஒரு தொனி கெட்டால், இணைப்பு அறாமலே பிட்டை வேறு தொனிக்கு நகர்த்திவிடும்.

லைன் வேலை பார்ப்பவர்: ஒரு வீட்டில் பழைய கிளைக் கம்பி 50 மீட்டர் சும்மா தொங்குதுங்க. பேச்சு தெளிவா இருக்கு, நெட்தான் மந்தம்.

குற்றவாளி அந்தக் கிளைதான் அண்ணே. சிக்னல் அதன் முனை வரை போய்த் திரும்ப 100 மீட்டர். கம்பியில் வேகம் ஒளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு என்றால், அரை மைக்ரோ விநாடி. 1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சரியாக அரை அலை. திரும்பி வருவது தலைகீழாக வந்து நேர் சிக்னலையே அடித்துவிடும். அங்குள்ள தொனிகளில் பிட் ஏறாது. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்கம், அதனால் தப்பித்தது. வெட்டி விடுங்கள்.

மாணவி மறுபடியும்: ஒவ்வொரு சிம்பலுக்கும் (ஒரே தவணையில் போகும் சிக்னல் துண்டுக்கும்) முன்னால் அதன் வாலையே ஒட்டுகிறார்களே, வீண்தானே?

ஒரு சிம்பலின் 512 மாதிரிக்கு (சிக்னலின் அளவெடுப்புக்கு) 32தான் கூடுதல். எதிரொலி அந்த 32-க்குள் அடங்கினால் அடுத்த சிம்பலைத் தொடாது. வாலையே ஒட்டுவதால் ஒவ்வொரு தொனியின் சைன் அலையும் அறாமல் தொடரும். சைன் அலை நேரியல் சேனலைக் கடந்தாலும் சைன் அலைதான். அளவும் கட்டமும் (அலை எங்கே தொடங்குகிறது என்பதும்) மட்டும் மாறும். அதைச் சரிசெய்யத் தொனிக்கு ஒரு பெருக்கல், வேலை முடிந்தது. எதிரொலி அதைவிட நீளமா? அப்போது ஏற்கும் பக்கத்தில் ஒரு ஃபில்டர் போட்டு அதைச் சுருக்குவார்கள்.