அரசு ஆராய்ச்சி நிலையங்களால் நாட்டுக்கு என்ன பயன்? எல்லாம் வரிப்பணத்துக்குக் கேடுதானே?

கேட்டவர் பட்டணத்திலேயே வளர்ந்தவராக இருக்கவேண்டும். கோபப்படாதீர்கள், நானும் இப்போது சென்னைவாசிதான். ஆனால் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். ஆற்றைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். அங்கே 1937-லிருந்து ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஆராய்ச்சி என்றாலே மகேந்திரகிரியைத்தான் சொல்வார்கள். ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற இடம், பெருமைதான். எனக்கென்னவோ விதைப் பையில் கட்டுகிற ஒரு அட்டைதான் ஞாபகம் வரும்.

சில வருஷம் முன்னால் கார் போக நெல் சாகுபடிக்கு விதை வாங்கும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டார். நான் ஒரு கடையில் பளபளவென்று படம் போட்ட பையாகப் பார்த்து வாங்கினேன். "அம்பை 16 ரகம்தான் தம்பி, நல்லா வரும்" என்றார் கடைக்காரர். நாற்றில் குறை தெரியவில்லை. கதிர் முற்றும்போதுதான் சாயம் வெளுத்தது. பாதி வயல் பழுத்துத் தலைசாய்ந்து கிடக்கிறது, நடுநடுவே ஒரு முழம் உயர்ந்த கலவன், அதாவது வேறு ரகப் பயிர், அப்போதுதான் பூத்து நிற்கிறது. அறுத்தால் பச்சைக் கதிர் சேரும், காத்திருந்தால் பழுத்தது கொட்டும். அறுத்தோம். வியாபாரி ஒரு கை அள்ளி, தேய்த்து ஊதிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார்.

அப்பா திட்டவில்லை. "பையப் பாத்து வாங்கிட்ட. அட்டையப் பாத்தியால?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த காருக்கு அவரே போய் வெள்ளை அட்டை கட்டிய விதை வாங்கிவந்தார். ரகத்தை உருவாக்கியவர்கள் தரும் வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, அதைப் பெருக்கிய ஆதார விதைக்கு வெள்ளை, அதிலிருந்து வரும் சான்று விதைக்கு நீலம். எல்லாவற்றுக்கும் மூலமான அந்த மஞ்சள் அட்டை விதையில் கலப்பு விழாமல் காப்பது ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வேலை. ஆடுதுறை 31, கோ 39 என்ற இரண்டு நெல் ரகங்களை ஒட்டுச் சேர்த்து, அம்பாசமுத்திரம் நிலையம் 1986-ல் வெளியிட்ட ரகம் அம்பை 16. 110, 115 நாளில் அறுத்துவிடலாம், குண்டு அரிசி, இட்லிக்கு வாகு. இப்படி ஒரு ரகம் தேறிவர எட்டுப் பத்து வருஷம் பிடிக்கும். வாங்கிய விவசாயியோ தன் நெல்லையே எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கும் விதைத்துக்கொள்வான். இந்த வியாபாரத்துக்கு எந்தக் கம்பெனி முதல் போடும்? வரிப்பணம்தான் போடவேண்டும்.

'பாரம்பரிய நெல்லை ஒழித்ததே இவர்கள்தான்' என்று சிலர் வருவார்கள். சரி, அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அக்கா கல்யாணக் கடனை அடைத்தது அம்பை 16 நெல்தான், வேறென்ன சொல்ல?

அந்த வெள்ளை அட்டை இன்னும் அப்பாவின் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. போன தடவை எடுத்துப் பார்த்தேன், பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தார்.