உங்கள் ஊரையே உலுக்கிய செய்தி காதில் விழுந்த நொடியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கேட்டவர் செய்தியெல்லாம் செல்போனில் டிங் என்று வந்து விழும் காலத்தில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். அதனால்தான் 'நொடி' என்று கேட்கிறார். எங்களுக்கு அது துண்டு துண்டாகத்தான் வந்தது. முக்கியமான துண்டு கடைசியில் வந்தது.

என் ஊர் கும்பகோணம். இதைச் சொன்னதுமே பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். 2004 ஜூலை 16, காசிராமன் தெருப் பள்ளித் தீ விபத்து. 94 குழந்தைகள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இல்லை. இன்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அன்று அந்தத் தெருவில் நின்றதாகத்தான் சொல்வார்கள். அத்தனை பேர் நிற்க அந்தத் தெருவில் இடம் கிடையாது. நேரில் பார்க்காதவன் எதற்கு எழுதுகிறான் என்று சிலர் கிளம்பி வரலாம். கேள்வி எங்கே இருந்தீர்கள் என்பதுதான், என்ன பார்த்தீர்கள் என்பதல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பட்டதற்குப் பக்கத்தில் என் கதையைக் கொண்டுபோய் வைக்கவும் இல்லை.

நான் தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தேன். பாத்திரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். முதலாளி ஏதோ வரி வேலையாகக் காலையிலேயே அனுப்பியிருந்தார். ஆடி வெள்ளி என்பதால் பட்டீஸ்வரம் துர்க்கைக்குப் போகிற பெண்கள் கூட்டம். ராகு காலம் முடிவதற்குள் எலுமிச்சை விளக்கு ஏற்றியாக வேண்டும் என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்கள்.

பாபநாசத்தில் பஸ் நின்றபோது கீழே இருந்த ஒருவர் கண்டக்டரிடம், "கும்பகோணத்துல ஸ்கூல் எரியுதாம்" என்றார். எந்த ஸ்கூல் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்லி "அதுவா, அதுவா" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். நானும் அக்கா மகள் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே பதில், "தெரியலைங்க". அதுவரை டிரைவரை விரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்குப் பேரன் கும்பகோணத்தில் ஒண்ணாம் வகுப்பு. அப்புறம் அவர் துர்க்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

பஸ்ஸில் இரண்டு மூன்று பேரிடம் செல்போன் இருந்தது. ஒருவர் தம் போனைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். காசு போகிறதே என்று பார்க்கவில்லை, நல்ல மனுஷன். பலருக்கு லைனே கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அக்கா வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அதற்கு லைன் கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

பாபநாசத்தைத் தாண்டியதும் எதிரே ஆம்புலன்ஸ்கள் வர ஆரம்பித்தன, தஞ்சாவூர் மெடிக்கலுக்கு. அப்புறம் வேன், கார், கையில் கிடைத்ததெல்லாம், பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் எங்கள் பஸ் ஓரம் கட்டி வழி விட்டது.

தாராசுரத்திலேயே எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மேலக்காவேரிக்கு நடையும் ஓட்டமுமாகப் போனால் அக்கா வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "புள்ளைய அப்பவே அழைச்சுட்டு வந்துட்டா தம்பி. மாமியார்கிட்ட விட்டுட்டு ரத்தம் குடுக்கப் போயிருக்கா" என்றார். எந்தப் பள்ளி என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. எரிந்தது வேறு யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று தெரிந்து வந்த நிம்மதி. அன்று ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் வந்திருக்கும். தெருவில் நின்றேன் என்று சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

மற்றதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். சத்துணவு சமைத்த இடத்தில் கீற்றில் பிடித்த தீ, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான மாடிப்படி. பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசு முடுக்கிவிட்டது அதற்குப் பிறகுதான். தீர்ப்புக்கு 2014 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாது. வெளியூரில் கும்பகோணம் என்றால் ஒன்று "அச்சச்சோ" என்கிறார்கள், இல்லாவிட்டால் காபி. பைபாஸ் நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு. அந்தப் பித்தளை டபரா எங்கள் பக்கத்துச் சரக்காக இருக்கலாம், நானே மூட்டை மூட்டையாகக் கணக்கெழுதி அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஊற்றுவதற்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம்? முக்கால்வாசி சிக்கரி, கேட்காமலே ரெண்டு கரண்டி சர்க்கரை. கல்லாவில் இருப்பவரைக் கேட்டால் அவர் கும்பகோணம் பக்கமே வந்ததில்லை என்கிறார். நான் சிடுமூஞ்சி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆபீஸில் ஊர் எது என்று கேட்டால் "தஞ்சாவூர்ப் பக்கம்" என்று சொல்லிவிடுகிறாளாம், அந்த இரண்டு பேச்சிலிருந்தும் தப்பிக்க. போன பொங்கலுக்கு வந்தபோது அதற்காக அவளோடு சண்டையே போட்டேன். "நீங்க அங்கயே இருக்கீங்க மாமா, ஒங்களுக்கு என்ன" என்கிறாள்.