"அவனுக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கும் மாமியார்

சகோதரி, குழந்தை பெறத் திட்டமிடுவதாகவும், கணவர் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பதாகவும், டெஸ்டெல்லாம் உங்களுக்கு மட்டும் போதும் என்று மாமியார் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் கட்டாயம் வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். புகை அதன் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும், உள்ளிருக்கும் மரபணுவையும் சேதப்படுத்தும். அதனால் சிகரெட்டை இன்றைக்கே விடச் சொல்லுங்கள். பலன் கிடைக்க அந்த 3 மாதம் பிடிக்கும்.

நீங்கள் தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். குழந்தையின் தண்டுவடம் சரியாக உருவாக உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை 400 மைக்ரோகிராம் தினமும், இப்போதிருந்தே. தண்டுவடத்தின் அடிப்படை கரு தரித்த 4 வாரத்துக்குள் உருப்பெற்றுவிடும், பலருக்கு அதற்குள் கர்ப்பம் என்றே தெரியாது.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தானே, இருவரும் சேர்ந்தே போங்கள். விந்து பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும்.