பெட்ரோல் முள் கோளாறு: கேள்வி பதில்

டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் அளவு சென்சார் பற்றி மட்டும் கேளுங்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளந்து பார்க்காமல் சென்சார் வாங்காதீர்கள்.

கேள்வி: சார், முள் காலியிலேயே நிற்கிறது. ஸ்கேனரில் பி0463 என்ற பிழைக் குறியீடு வருகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். பி0463 என்றால் சிக்னல் வோல்ட்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலும் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கும்: ஒயராகவும் இருக்கலாம், எர்த்தாகவும் இருக்கலாம், சென்சாராகவும் இருக்கலாம். பி0462 வந்தால் இதற்கு நேர் எதிர். சிக்னல் ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறதா என்று தேட வேண்டும்.

சென்சார், டேங்குக்குள் பெட்ரோல் பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும். இக்னிஷனை அணைத்துவிட்டு அங்குள்ள கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சை பூத்திருக்கிறதா, கருகியிருக்கிறதா? பம்ப்புக்கும் சென்சாருக்கும் ஒரே கனெக்டர் வருவதால், பம்ப் இழுக்கும் கரண்டில் எர்த் பின் சூடேறிக் கருகுவது உண்டு.

அடுத்து, ஒயரிங் படத்தைப் பார்த்து சென்சாரின் இரண்டு பின்களுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவு (மின்தடை) எடுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறும். சிலவற்றில் காலிக்கு 0, முழு டேங்குக்கு 90. சிலவற்றில் காலிக்கு 240, முழுதுக்கு 33. 10 முதல் 180 வரை போகிறவையும் உண்டு. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சென்சார் பக்கம் அறுந்திருக்கிறது. டேங்கில் உள்ள பெட்ரோலுக்கு ஏற்ற அளவு வந்தால் சென்சார் மேல் பழி இல்லை, ஒயரிங் பக்கம் போங்கள்.

எர்த்தை ஓம் வைத்துப் பார்ப்பது போதாது. கனெக்டரை மாட்டி, பம்ப் ஓடும்போது எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: முக்காலிலிருந்து பாதி வரை ஒழுங்காக இறங்குகிறது. பாதியில் வந்ததும் முள் குதிக்கிறது.

பதில்: தடம் கெட்டிருக்கிறது. செராமிக் தகட்டின் மேல் வெள்ளி கலந்த மெல்லிய கோடுகள் இருக்கும். பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையின் கை அசையும்போது தொடுமுனை அவற்றின் மேல் நகரும். எரிபொருளில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகப் படியும். டேங்கில் எந்த அளவு பெட்ரோலோடு வண்டி அதிகம் ஓடுகிறதோ, தடத்தில் அந்த இடத்தில்தான் தேய்மானமும் அதிகம். யூனிட்டை (பம்ப்பும் சென்சாரும் சேர்ந்த தொகுப்பை) வெளியே எடுத்து, மீட்டரை மாட்டி, மிதவையை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். ஓம் அளவு சீராக மாற வேண்டும். டிஜிட்டல் மீட்டர் நொடிநேரத் தாவலைத் தவறவிடும். முள் வைத்த பழைய மீட்டர் இங்கே மேல். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துப் பாருங்கள். தாவல் நிற்கவில்லையா, மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: ஆல்கஹால் எதற்கு? உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் தடம் பளபளக்கும். நான் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன்.

பதில்: செய்யாதீர்கள். பழைய கம்பிச்சுற்று சென்சாராக இருந்தால் மிக நைசான தாளால் லேசாகத் தொடலாம், ஏற்கிறேன். இப்போது வருவது கம்பி இல்லை, மெல்லிய பூச்சு. கறுப்போடு சேர்ந்து பூச்சும் போய்விடும்.

கேள்வி: சார், முள் காலியிலேயே நிற்கிறது. எந்த பிராண்ட் சென்சார் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அளந்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: யூனிட்டை நானே கழற்றலாமா?

பதில்: டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் இருக்கும்போது, காற்றோட்டமான திறந்த இடத்தில் மட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஒர்க்‌ஷாப் குழிக்கு (பிட்) மேல் வண்டியை நிறுத்திக்கொண்டு டேங்கைத் திறக்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது பம்ப் ஃபியூஸை எடுத்து, அது தானாக நிற்கும்வரை விடுங்கள், லைனில் பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் திறப்பதற்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள், பொறி பறக்கும். பித்தளை அல்லது மரக்கட்டை போதும். மிதவைக் கை வளையாமல் சாய்த்து எடுங்கள். ரப்பர் வளையம் புதிதாக வேண்டும், பழையது பெட்ரோலில் ஊறிப் பருத்து மீண்டும் உட்காராது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: உப்புத்தாள் ஆள்தான் மறுபடியும். பூச்சு போகும் என்கிறீர்கள், ஆனால் தேய்த்த வண்டிகளில் முள் வேலை செய்ததே?

பதில்: செய்யும், கறுப்பு போனதால். ஆனால் கீறிய தடத்தில் தொடுமுனை அரம்போல உரசும், மிச்சமிருக்கும் கோடுகளும் அறுபடும். அப்போது அந்த இடத்தில் சிக்னலே இராது. பாதியில் குதித்த முள் பாதியில் செத்துப்போகும். துடைத்துச் சரியாகியிருக்க வேண்டியதை மாற்ற வைத்துவிடுவீர்கள்.

கேள்வி: முழுதாக நிரப்பினாலும் பாதிதான் காட்டுகிறது. நான்கு சக்கர டிரைவ் வண்டி.

பதில்: உங்கள் டேங்க் நடுவில் மேடாக, இரண்டு பள்ளங்களோடு இருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் சென்சாரும் இரண்டு. ஒன்று செத்தால் இப்படித்தான் காட்டும். இரண்டையும் தனித்தனியாக அளங்கள். ஒரே சென்சார் என்றால் மிதவையை எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவம் தளும்பினால் அது ஓட்டை, அதனால்தான் மூழ்கிக் கிடக்கிறது.

கேள்வி: டீசல் வண்டி, பி0190 வருகிறது.

பதில்: அது ரெயில் பிரஷர் சென்சார், அதாவது எஞ்சினில் இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தத்தை அளப்பது, டேங்கோடு சம்பந்தமில்லை. எஞ்சின் ஓடும்போது அந்த லைனைத் தளர்த்தாதீர்கள். அங்குள்ள அழுத்தம் தோலைத் துளைக்கும்.

கேள்வி: முள் காலியிலேயே...

பதில்: முதல் பதில். சரியாகும்வரை முள்ளை நம்பாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி கிலோமீட்டர் கணக்கில் நிரப்புங்கள். காலி டேங்கில் ஓட்டினால் பம்ப் சூடாகிப் போகும்.

கேள்வி: சரி, உப்புத்தாளை விடுகிறேன். தொடுமுனையை ஒரு மயிரிழை பக்கவாட்டில் வளைத்து, தேயாத இடத்தில் ஓடவைத்தால்?

பதில்: அது நல்ல வழி. கோடுகளின் அகலம் இடம் கொடுத்தால் தாராளமாகச் செய்யுங்கள். அழுத்தம் கூடாமல் வளையுங்கள், பிறகு காலியிலிருந்து முழுதுவரை மீண்டும் ஓம் அளந்துவிட்டு மாட்டுங்கள்.