பதினைந்து என்ற எண் ஆயுளைச் சொல்கிறதா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. இளம் வயதிலிருந்தே பீடியும் வெற்றிலை புகையிலையும் பழக்கம். நான்கு மாதங்களாகச் சோறு இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோபி செய்ததில், உணவுக்குழாயின் நடுப்பகுதியில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய் என்றும், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்றும் தெரிந்தது. திசு அறிக்கையில் ‘பி.டி.எல்.1, சி.பி.எஸ். 15’ என்றும், இரத்த அறிக்கையில் நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் 5 என்றும் உள்ளன. எண் கூடக்கூட நாள் குறையும் என்கிறார் என் சித்தப்பா. உண்மைதானா?
– வாசகி, ஆலங்குளம்

பதில்: சகோதரி, தங்கள் சித்தப்பா இரண்டு வெவ்வேறு எண்களை ஒன்றாகக் கருதிவிட்டார். முதல் எண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னது தவறு.

நம் உடலின் டி அணுக்கள் ஊர்க்காவலர்களைப் போன்றவை. அவற்றின் மேற்பரப்பில் பி.டி.1 என்ற புரதம் இருக்கிறது. அதை 1992ஆம் ஆண்டு கண்டறிந்த ஜப்பானியர் டசுகு ஹோஞ்சோ 2018இல் நோபல் பரிசு பெற்றார். புற்றணு தன் மேல் பி.டி.எல்.1 புரதத்தை ஏந்திக்கொண்டு அந்தப் பி.டி.1உடன் இணையும்போது, காவலர் அதைத் தம் ஊர்க்காரர் என்று எண்ணி விலகிவிடுகிறார். பயாப்சித் திசுவுக்குச் சாயம் ஏற்றி, இந்தப் புரதம் தெரியும் புற்றணுக்களையும் அருகிலுள்ள நோயெதிர்ப்பு அணுக்களையும் சேர்த்து எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றணுக்களால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதே சி.பி.எஸ். ஆகவே 15 என்பது, நூறு புற்றணுக்களுக்குச் சாயம் ஏறிய 15 அணுக்கள் இருக்கின்றன என்பதைத்தான் குறிக்கிறது.

இந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவருடைய ஆயுளைக் கணிக்க இயலாது. அவ்வாறு கணிக்க முயன்ற ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அது பயன்படும் இடம் வேறு: காவலரின் கண்கட்டை அவிழ்க்கும் மருந்து இவருக்குப் பலன் தர வாய்ப்பு எவ்வளவு என்பதை அது ஓரளவு காட்டும். 749 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான கீநோட்-590 ஆய்வில், தங்கள் தந்தையாரைப் போல ஸ்குவாமஸ் (உட்சுவரின் தட்டை அணுக்களில் தோன்றும்) வகையும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட சி.பி.எஸ்.ஸும் உள்ளவர்களில், கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.8 மாதங்களாகவும், அதனுடன் கண்கட்டை அவிழ்க்கும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.9 மாதங்களாகவும் இருந்தது. இடைநிலை என்றால், பாதிப்பேர் அதற்கும் மேல் வாழ்ந்தார்கள் என்று பொருள். பரவிய நிலையில் இந்த வேறுபாடு குணமாவதைக் குறிக்காது என்பதையும் நான் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் 15 என்பது அச்சத்துக்குரிய எண் அன்று. கிடைக்கக்கூடிய ஒரு மருந்தின் கதவு இவருக்குத் திறந்திருக்கிறது என்று அது காட்டுகிறது.

இரத்தத்திலுள்ள இரு வகை வெள்ளை அணுக்களை ஒப்பிடும் நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் வேறு வகை. அது கூடுதலாக இருப்பவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் கண்டிருப்பது உண்மை. ஆனால் அந்த விகிதம் எளிதில் மாறக்கூடியது. விழுங்க முடியாதவருக்கு உணவுத்துளி மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் சளி கட்டினாலும் அது ஏறும். வாந்தியைத் தடுக்கத் தரப்படும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியாலும் ஏறும். இரத்தம் எடுத்த நாளில் காய்ச்சல் இருந்ததா, ஸ்டீராய்டு தரப்பட்டதா என்று கேட்காமல் 5 என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம்.

மருந்தின் விலை மிக அதிகம் என்பதை நான் அறிவேன். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த தங்கள் பகுதியில் அது எளிய செய்தி அன்று. தலை, கழுத்துப் புற்றுநோயில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 20 மில்லிகிராம் என்ற குறைந்த அளவு நிவோலுமாபை (இதுவும் கண்கட்டை அவிழ்க்கும் வகை மருந்தே) கொண்டே பயன் கண்டிருக்கிறார்கள். உணவுக்குழாய்க்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், அரசுக் காப்பீட்டில் எது அடங்கும் என்பதோடு சேர்த்து இதையும் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டை ஆய்வகத்திலிருந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வேறு பரிசோதனை தேவைப்பட்டால் மறுபடியும் எண்டோஸ்கோபி செய்யாமல் தப்பலாம்.

எந்த மருந்தானாலும் அதைத் தாங்கும் உடல் வேண்டும். வாரம் ஒரு முறை அவரது எடையைக் குறித்து வையுங்கள். கஞ்சித்தண்ணீரும் இறங்காத நிலை வந்தால், அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே அழைத்துச் சென்று, அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பதா, உணவுக்குழாய்க்குக் கீழே குழாய் வழியாக உணவு செலுத்துவதா என்று கேளுங்கள்.